இரண்டு மூக்கு விண்ணப்பதாரர்

ஒரு காட்டில் காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மாசி மாதத்து மூடுபனி இறங்கி முடிந்திருந்தது. வெயில் இன்னும் மரங்களைத் தாண்டி வரவில்லை. ஓர் இலைகூட அசையவில்லை. வானிலையை இவ்வளவு துல்லியமாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கதையில் நேர்ந்த பிழைக்குக் காற்று பொறுப்பல்ல. பிற்பாடு பலரும் காற்றின் மீதே பழியைப் போட்டார்கள்.

அந்த நேரத்தில், தேவாங்கு சாந்தமூர்த்தியின் படப்பிடிப்பு நிலையத்து வாசலில், திலகவதி என்னும் கூன்வண்டு வரிசையில் முதலாவதாக நின்றுகொண்டிருந்தாள். உளுந்தை விடச் சற்றே பெரிய உடல் அவளுக்கு. அதில் கணிசமான பங்கு மூக்கு. நீண்டு, வளைந்து, நுனியில் வாயைக் கொண்ட அந்த மூக்கினால்தான் அவள் இனத்தார் மாம்பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுவார்கள். பிஞ்சு காயாகித் தோல் தடித்துவிட்டால் எந்த மூக்கும் இறங்காது. திலகவதியின் வயிற்றில் முட்டை இருந்தது. மரத்தில் பிஞ்சுகள் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டிருந்தன. அவளிடம் அனுமதி மட்டும் இல்லை.

அனுமதி என்பது வனச்சபை கொண்டுவந்த ஏற்பாடு. எந்த மரத்தில் யார் குடியிருக்கலாம் என்பதை முடிவுசெய்யும் அலுவலராக மகிபாலர் என்னும் காட்டெருமை நியமிக்கப்பட்டிருந்தார். நேர்மையானவர், எவரிடமும் ஒரு புல்லைக்கூடக் கைநீட்டி வாங்காதவர். சிறிய உயிர்கள் அவர் கண்ணுக்குத் தெரியாது என்பது ஒன்றே குறை. சென்ற ஆண்டு விண்ணப்பதாரர் ஒருவரின் மேலேயே அமர்ந்துகொண்டு, “அவர் ஏன் இன்னும் வரவில்லை?” என்று மாலை வரை கேட்டுக்கொண்டிருந்தார். அத்தகைய சம்பவம் மறுபடி நிகழக் கூடாது என்பதற்காகவே, ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் தெளிவான ஒளிப்படம் இணைக்கப்பட வேண்டும் என்று விதி வந்தது.

திலகவதி ஏற்கெனவே ஒரு படம் கொடுத்துப் பார்த்தாள். ஆனால் மிகச் சிறிய பொருளை மிக அருகில் வைத்துப் படமெடுத்தால், அதன் ஏதோ ஒரு மெல்லிய பகுதி மட்டுமே தெளிவாக விழும். முன்னும் பின்னும் புகையாகிவிடும். அவள் படத்தில் வலது கண் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

மகிபாலர் படத்தை நெடுநேரம் ஆராய்ந்தார்.

“உங்கள் வலது கண்ணின் இருப்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. வலது கண் மாமரத்தில் குடியிருக்கலாம்.”

“மிச்சம்ங்கய்யா?”

“மிச்சம் மங்கலாக உள்ளது.”

“கண்ணு மட்டும் மரத்துல இருந்து எப்படிங்கய்யா முட்டை போடும்?”

“அது கண்ணின் சொந்த விஷயம். அலுவலகம் தலையிடாது.”

இப்படித்தான் அவள் சாந்தமூர்த்தியிடம் வந்து சேர்ந்தாள். மூக்கு நுனி முதல் பின்புறம் வரை அத்தனையும் தெளிவாக விழும்படி எடுக்கும் தானியங்கிக் கருவி அந்தக் காட்டிலேயே அவரிடம் மட்டும்தான் இருந்தது. அன்று நண்பகலோடு மாமரத்துக்கான விண்ணப்பம் முடிகிறது.

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் சௌந்தரவல்லி. அவளும் கூன்வண்டு, அவள் வயிற்றிலும் முட்டை. திலகவதிக்கு ஓரகத்தி முறை; மூத்தவள். அண்ணன் தம்பியான இவர்களது கணவர்கள் இருவரையும் ஒரே காலையில் ஒரே மைனா தின்றது. அந்தத் துக்கத்தையும் இருவரும் தனித்தனியாகத்தான் அனுசரித்தார்கள். சென்ற ஆண்டு ஒரு மாம்பிஞ்சின் பொருட்டு ஏற்பட்ட சண்டைக்குப் பிறகு அவர்களுக்குள் நேர்ப் பேச்சு கிடையாது.

“உக்காருங்கம்மா,” என்றார் சாந்தமூர்த்தி. இரவெல்லாம் விழித்திருந்த பெரிய கண்கள் அவருக்குச் சொருகிக்கொண்டு வந்தன. “மூக்கு நேரா கேமராவைப் பாக்கணும்.”

“சிரிக்கணுமாங்க?”

“ஒண்ணுமே பண்ணக்கூடாது. இங்க வேலையே அதுதான்.”

சுவரில் மாதிரிப் படங்கள் தொங்கின. ஒரு பொன்வண்டு, ஒரு தட்டான், பெயர் தெரியாத ஓர் ஈ. ஒவ்வொரு முடியும் எண்ணிவிடக்கூடிய தெளிவு.

“எல்லாரும் எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்காங்க!”

“உக்காரலம்மா. காலமானவங்க. அசையாம இருக்கறதுல அவங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது. உயிரோட வந்தவங்க ஒருத்தர் படமும் சுவருக்குத் தேறல.” திலகவதியின் முகம் மாறியதைக் கண்டு அவர் ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டார்: “பயப்படாதீங்க. முயற்சி பண்ணுனா உங்களுக்கும் வரும்.”

பிறகு கருவியை விளக்கினார்.

“மூக்கு நுனியில ஆரம்பிக்கும். ஒரு படம் எடுக்கும். கேமரா சின்னத் தண்டவாளத்து மேல மயிரிழை முன்னால நகரும். இன்னொண்ணு எடுக்கும். இப்படியே பின்பக்கம் வரைக்கும் போகும். ஒவ்வொரு படத்துலயும் எந்த இடம் தெளிவோ, அதை மட்டும் கம்ப்யூட்டர் வெட்டி எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒட்டிடும்.”

“தெளிவில்லாததை?”

“தூக்கிப் போட்டுடும்.”

“சரியா ஒட்டுதான்னு யாருங்க பாப்பாங்க?”

“யாரும் பாக்கத் தேவையில்ல.” அவர் குரலில் சற்றுப் பெருமை தெரிந்தது. “தானியங்கி.”

உண்மையில் அவரால் பார்க்கவும் முடியாது. தேவாங்கின் கண்ணுக்கு ஃபிளாஷ் வெளிச்சம் ஆகாது. ஆகவே பொத்தானை அழுத்தியதும் சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொள்வது அவர் வழக்கம். தம் நிலையத்தில் ஒரு படம் எடுக்கப்படுவதை அவர் இதுநாள்வரை பார்த்ததே இல்லை.

“மூச்சு விடலாம்,” என்றார் சுவரைப் பார்த்தபடி. “ஆனா விடுறது தெரியக்கூடாது.”

கருவி மின்னியது, நகர்ந்தது, மின்னியது, நகர்ந்தது. திலகவதி கல்லாகச் சமைந்திருந்தாள்.

“ரொம்ப நேரம் ஆகும்போல,” என்றாள் சௌந்தரவல்லி, பக்கத்தில் எவருமில்லாதபோதும் எவரிடமோ சொல்வது போல. “மூக்கைத் தாண்டி முகத்துக்கு வரவே பொழுது சாஞ்சிடும்.”

திலகவதி அசையவில்லை.

“சில பேர் மூக்கு அடுத்தவங்க பிஞ்சு வரைக்கும் நீளும். அதையெல்லாம் ஒரே படத்துல அடக்கணும்னா அந்தக் கேமராதான் பாவம்.”

திலகவதி அசையவில்லை. கருவி மூக்கைக் கடந்து முகத்துக்கு வந்திருந்தது.

“போன வருஷம் என் பிஞ்சுல திருட்டுத்தனமா முட்டை வச்சவ, இந்த வருஷம் அனுமதி வாங்கிட்டு வைக்கப் போறா. முன்னேற்றந்தான்.”

திலகவதி மூக்கையும் இடப்பக்கத்துக் கால்கள் மூன்றையும் ஒருசேரத் தூக்கி, வரிசைப் பக்கம் திரும்பினாள்.

“அக்கா! அது என் பிஞ்சு! பாதி துளைச்சு வச்சிட்டுப் பனித்தண்ணி குடிக்கப் போனேன். நீங்கதான் வந்து முட்டை வச்சிட்டுப் போனீங்க!”

சொல்லி முடித்தவுடன் பழைய நிலைக்கே திரும்பி, காலை வைத்த இடத்திலேயே வைத்து, மீண்டும் கல்லானாள். கருவி கோபித்துக்கொள்ளவில்லை, நிற்கவுமில்லை. சாந்தமூர்த்தி முகத்தைப் பொத்தியபடி இருந்தார். நடந்ததற்குச் சாட்சி சௌந்தரவல்லி மட்டுமே. அவள் எதையும் ஒப்புக்கொள்ளும் மனநிலையில் இல்லை.

படம் வந்தது. அதில் ஒரு கூன்வண்டு இருந்தது. அதற்கு ஒரு மூக்கு நேராகவும் இன்னொரு மூக்கு இடப்பக்கமாகவும் நீண்டிருந்தன. நேர் மூக்கு சாந்தமாக இருந்தது. இட மூக்கு வாயைப் பிளந்து எவரையோ திட்டிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் கால்கள் மூன்று, இடப்பக்கம் ஆறு.

“ரெண்டு மூக்கு இருக்குங்களே,” என்றாள் திலகவதி.

சாந்தமூர்த்தி பாதிக் கண்ணால் பார்த்தார். “ரெண்டும் தெளிவா இருக்கா இல்லையா?”

“இருக்கு.”

“அப்புறம் என்னம்மா?”

அடுத்துச் சௌந்தரவல்லி அமர்ந்தாள். முதல் ஃபிளாஷிலேயே அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சம் கண்டால் கால்களை வயிற்றோடு மடக்கி, மூக்கைத் தாழ்த்தி, செத்ததுபோல் விழுந்து கிடப்பது கூன்வண்டுகளின் குலவழக்கம். அவளும் அப்படியே விழுந்தாள். கருவி வேலையை முடிக்கும்வரை எழவில்லை. வந்த படத்தைக் கண்ட சாந்தமூர்த்தியின் தூக்கமே கலைந்துவிட்டது. “என்ன ஒரு படம்மா!” என்று இன்னொரு பிரதி போட்டுச் சுவரில் மாட்டினார்.

திலகவதி, “எனக்கு மட்டும் இன்னொரு தடவை எடுத்துக் குடுங்க,” என்று கெஞ்சினாள். அதற்குள் முதல் வெயில் நிலையத்துக்குள் விழுந்துவிட்டது. “நாளைக்கு விடியக்காலைல வாங்கம்மா,” என்றபடியே சாந்தமூர்த்தி ஒரு கிளையைக் கட்டிக்கொண்டு உறங்கிப்போனார். வெயில் ஏறிய பிறகு தேவாங்கை எழுப்பியவர் எவருமில்லை.

வேங்கை மரத்தடி அலுவலகத்தில் மகிபாலர் இரண்டு படங்களையும் வாங்கிப் பார்த்தார். முதலில் சௌந்தரவல்லியின் படம்.

“மிகத் தெளிவான படம். விண்ணப்பதாரர் காலமாகிவிட்டார் என்பதும் தெளிவாகத் தெரிகிறது. ஆழ்ந்த இரங்கல்.”

“ஐயா, நான்தான் அது. உயிரோடதான் நிக்கறேன்!”

“குரல் கேட்கிறது. ஆனால் குரலுக்குப் படம் கிடையாது. காலமானவர்கள் முட்டையிட விதியில் இடமில்லை. அடுத்தவர்.”

திலகவதியின் படத்தை அவர் இன்னும் அதிக நேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் நிறைவு பரவியது.

“இப்படிப்பட்ட படத்தைத்தான் சபை எதிர்பார்க்கிறது. மங்கல் என்பதே இல்லை. இவர் எங்கே?”

“நான்தாங்கய்யா.”

மகிபாலர் கொம்பில் தொங்கிய பூதக்கண்ணாடியை இறக்கிப் பிடித்தார். “உங்களுக்கு ஒரு மூக்குதான் இருக்கிறது.”

“அந்த மெஷின் தப்பா ஒட்டிடுச்சுங்கய்யா. நடுவுல நான் கொஞ்சம் திரும்பிட்டேன்.”

“அம்மா, கருவி தெளிவான பகுதிகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும் என்று சபைக்குச் சான்று அளிக்கப்பட்டுள்ளது. இந்த இரண்டாவது மூக்கு தெளிவாக உள்ளது. எனவே அது உண்டு. நேரில் வந்திருக்கும் உங்களிடம் அது இல்லை. எனவே நீங்கள் இந்த விண்ணப்பதாரரின் ஒரு பகுதி.”

“பகுதியா?”

“குறை சொல்வதாக எண்ண வேண்டாம். நல்ல பகுதிதான். நண்பகலுக்குள் மிச்சத்தையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.”

அலுவலகத்துக்கு வெளியே, ஒரு கூழாங்கல்லின் நிழலில் சௌந்தரவல்லி உட்கார்ந்திருந்தாள். திலகவதி சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். தூரத்தில் மாமரம் தெரிந்தது. பிஞ்சுகளின் பச்சை முந்தைய நாளைவிட ஒரு பிடி அடர்ந்திருந்தது. இருவரும் அதையேதான் பார்த்தார்கள்.

“அக்கா.”

“நான் செத்துட்டேன். செத்தவகிட்ட என்ன பேச்சு?”

“எனக்கு இன்னொரு மூக்கு வேணும்.”

“இருக்கறது பத்தலையாக்கும்.”

“விளையாடாதீங்க. என்கிட்ட படம் இருக்கு, அதுக்கேத்த ஆள் இல்ல. நீங்க ஆள் இருக்கீங்க, உங்க படத்துல உயிரில்ல. என் முதுகோட ஒட்டி நின்னு, இடப்பக்கமா மூக்கை நீட்டுனா போதும்.”

“நான் பின்னாடி நிக்கணுமா? மூத்தவ நானு.”

“படத்துல முன்னாடி இருக்கறது என் மூக்கு.”

“அது உன் கொழுப்பு,” என்றாள் சௌந்தரவல்லி. பிறகு மாமரத்தை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, திலகவதியின் முதுகைப் பார்க்காமலேயே அதன் மேல் ஏறினாள். ஓரகத்திகளுக்கிடையே சம்மதம் என்பது இவ்வளவுதான்.

மகிபாலர் பூதக்கண்ணாடியை மீண்டும் இறக்கினார். அந்தக் கண்ணாடிக்கும் கேமராவுக்குள்ள அதே குணம்தான். ஒரு நேரத்தில் ஓர் இடம் மட்டுமே தெளிவாகத் தெரியும். ஆகவே அவரும் ஒவ்வோர் இடமாக நகர்த்திப் பார்த்து, பார்த்ததை மனத்துக்குள் அடுக்கி ஒட்டிக்கொண்டு வந்தார்.

“நேர் மூக்கு, உண்டு. இட மூக்கு, உண்டு. இனிக் கால்கள்.” கண்ணாடி நகர்ந்தது. “ஒன்று, இரண்டு, மூன்று...”

சௌந்தரவல்லியின் வலப்பக்கத்துக் கால்களில் இரண்டு மறைந்திருந்ததால் எண்ணிக்கை பத்தில் வந்து நின்றது. மகிபாலர் புருவத்தை நெரித்துப் படத்தைப் பார்த்தார்.

“ஒரு கால் கூடுதலாக உள்ளது. மறுபடி எண்ணுகிறேன்.”

இந்த வார்த்தையைக் கேட்டதும் சௌந்தரவல்லிக்கு அச்சம் வந்தது. அச்சம் வந்ததும் குலவழக்கம் வந்தது. திலகவதியின் முதுகிலேயே ஆறு கால்களையும் மடக்கிக்கொண்டு அவள் செத்துப்போனாள்.

“ஆறு,” என்றார் மகிபாலர். “இப்போது மூன்று குறைவு. இட மூக்கும் தொங்கிவிட்டது. விண்ணப்பதாரருக்கு உடல்நலம் இல்லையா?”

வேங்கை மரத்தின் நிழல் குறுகி, அடிமரத்தை நெருங்கிவிட்டது. “அக்கா, எழுந்திருங்க,” என்று கிசுகிசுத்தாள். “அக்கா, முட்டையை நினைச்சுப் பாருங்க.” கெஞ்சலுக்கு எழுந்த கூன்வண்டு அந்தக் குலத்திலேயே கிடையாது. அப்போதுதான் அவளுக்கு வேறொன்று தோன்றியது.

“போன வருஷம் அந்தப் பிஞ்சு என்னோடதுதான்,” என்றாள் மெதுவாக. “மூத்தவங்களாச்சேன்னு போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்.”

“என்னடி சொன்ன? விட்டுட்டியா? நீயா?”

சௌந்தரவல்லியின் மூக்கு இடப்பக்கமாகச் சீறிக்கொண்டு நீண்டது. உதைப்பதற்காக இடப்பக்கத்துக் கால்கள் மூன்றும் விறைத்து வெளியே வந்தன. வலப்பக்கத்துக் கால்களால் அவள் திலகவதியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தாள், விட்டால் விழுந்துவிடுவாள். அவை கண்ணாடிக்குத் தெரியவில்லை.

“ஏழு, எட்டு, ஒன்பது,” என்றார் மகிபாலர். படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். “முகபாவம்கூட அப்படியே பொருந்துகிறது.”

அனுமதி வழங்கப்பட்டது. பிஞ்சைத் துளைப்பது மூக்கு என்பதால், ஒதுக்கீட்டை மூக்கின் கணக்கில்தான் செய்ய வேண்டும் என்று அவர் விதியை வாசித்தார். இரண்டு மூக்குக்கு இரண்டு பிஞ்சு. வலது கண்ணுக்கு முன்பு வழங்கிய அனுமதி தனியே தொடரும். பிஞ்சு காயாகும்வரை விண்ணப்பதாரர் படத்தில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். தோற்றத்திலோ முகபாவத்திலோ மாறுதல் கண்டால் அனுமதி ரத்தாகும். ஆய்வு எந்நேரமும் வரலாம்.

இனி, மறுநாள் காலை ஒவ்வொருவரும் செய்தது.

மகிபாலர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஒரே மூக்குடன் வரும் கூன்வண்டுகள் முழுமையற்றவை எனக் கருதப்படும். அவை எஞ்சிய பகுதியைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்து வர வேண்டும்.

சாந்தமூர்த்தி வாசலில் இருந்த ‘அசையாதீர்’ என்ற பலகையைக் கழற்றிவிட்டு, ‘நடுவில் ஒருமுறை அசையவும்’ என்று எழுதி மாட்டினார். அன்று நாவல் மரத்துக்கான முறை. விண்ணப்பதாரர்கள் ஒவ்வொருவரும் தமக்கு ஆகாத உறவினர் ஒருவரைக் கையோடு அழைத்து வந்திருந்தார்கள். சுவரிலிருந்த சௌந்தரவல்லியின் படத்துக்கு எவரோ ஒரு பூவிதழ் சாத்தியிருந்தார்கள்.

ஓரகத்திகள் இருவரும் ஒட்டியபடியே மாமரம் ஏறினார்கள். பிஞ்சுகளின் தோல் இன்னும் இடம்கொடுத்தது. மூத்தவள் என்பதால் சௌந்தரவல்லி முதலில் துளைத்து, முட்டை வைத்து, மூடினாள். பிறகு திலகவதி தன் பிஞ்சைத் துளைத்தாள். பாதியில் தாகம் எடுத்தது. சென்ற ஆண்டைப் போலவே பனித்தண்ணீர் குடிக்கப் புறப்பட்டாள். ஆனால் இம்முறை சௌந்தரவல்லியையும் சுமந்துகொண்டுதான் போக வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது, ஒரே மூக்குள்ள, எந்த வரிசையிலும் நின்றிராத வேறொரு கூன்வண்டு அந்தத் துளையில் முட்டை வைத்து முடித்துவிட்டுச் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது.

“உனக்குப் படம் இருக்கா?” என்று கத்தினாள் திலகவதி.

“என்ன படம்?” என்றது அது. “போன வருஷமும் இந்த மரத்துலதான் வச்சேன். யாரோ புண்ணியவதி பாதி துளைச்சு வச்சிட்டுப் போயிருந்தா.”

அது போய்விட்டது. ஓரகத்திகள் இருவரும் அந்தத் துளையையே பார்த்தார்கள்.

“அப்ப நீ வைக்கலையா?” என்றாள் சௌந்தரவல்லி.

“நீங்களும் வைக்கலையாக்கா?”

சௌந்தரவல்லியின் மூக்கு தளர்ந்தது. விறைத்திருந்த மூன்று கால்களும் தாமாக மடங்கின. இத்தனை காலத்தில் முதன்முறையாக அவள் முகம் சாந்தமாயிற்று. அது திலகவதிக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கீழே சருகுகள் நொறுங்கும் ஓசை கேட்டது. மகிபாலர் ஆய்வுக்கு வந்துகொண்டிருந்தார்.

திலகவதி கீழே பார்த்தாள். தான் இன்னும் முட்டையிடாத தன் பிஞ்சைப் பார்த்தாள். பிறகு முதுகுப்பக்கம் திரும்பாமலேயே, குரலை உயர்த்திச் சொன்னாள்:

“என்னதான் இருந்தாலும், உங்க மூக்கு என் மூக்கு மாதிரி வராதுக்கா.”

“என்னடி சொன்ன?”

ஏழு, எட்டு, ஒன்பது.

நீதி: தெளிவான படம் ஒன்று கையிலிருந்தால், அதற்குப் பொருத்தமான ஆளை உறவினரைக் கொண்டு தயாரித்துக்கொள்ளலாம், ஆகவே விவேகமுள்ளவர்கள் உறவில் ஒருவரோடாவது பகையைத் தீர்க்காமல் வைத்திருப்பார்கள்.